செக்கு வாங்கறதுக்கு முன்னாடி 50 பாக்கெட் பொடி வித்துப் பாருங்க அம்மிணி

வந்த கடிதம் (கொஞ்சம் சுருக்கியிருக்கேன்):

"அக்கா, நாங்க வெள்ளக்கோயில் பக்கம் ஒரு சின்ன ஊரு. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனில பவர் டேபிள் டைலர். முன்னால வாரம் 4,500 வரைக்கும் கொண்டாருவாரு. இப்ப ஆர்டர் இல்லாம வாரத்துக்கு மூணு நாலு ஷிப்டுதான் ஓடுது, 2,500 வந்தா பெருசு. ரெண்டு கொழந்தைக, பெரியவ எட்டாவது படிக்கறா. கையில 40,000 ரூவா சேத்து வெச்சிருக்கேன், அஞ்சு பவுன் இருக்குது. வாரக் குழுவுல வாங்குன கடனுக்கு வாரம் 750 கட்டறோம். மரச்செக்கு மிஷின் 2,80,000 ரூவா, அதுல 35 சதவீதம் மானியம் வந்துரும், மாசம் 40,000 நிக்கும்னு மிஷின் விக்கறவரு சொல்றாரு. நகைய வெச்சு எடுத்தரலாமான்னு இருக்குது. எனக்கு கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி நல்லா வரும், ஒறம்பரை வந்தா கேட்டு வாங்கிட்டுப் போவாங்க, ஆனா அதெல்லாம் ஒரு தொழிலான்னும் இருக்குது. பொடி பாக்கெட் போட்டு விக்கறது கவுரவக் கொறைச்சல்னு மாமியா சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மிணி, மொதல்ல பதிலச் சொல்லிப்போடறேன், காரணத்த அப்பறம் சாவகாசமா படிங்க. நகைய வெக்காதீங்க. செக்கு மிஷினுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா திருப்பிக் கேளுங்க, அவரு திருப்பிக் குடுக்கலைன்னாலும் போச்சாது, அதுக்கு மேல ஒரு ரூவா சேத்துக் குடுத்துராதீங்க. அந்த 40,000-த்துல 8,000 மட்டும் எடுத்து பொடியில ஆரம்பிங்க. மிஷினப் பத்தி ஆறு மாசம் கழிச்சுப் பேசிக்கலாம்.

நான் 26 வருசம் பேங்க்ல இருந்தவளுங்க, அதுல முக்கால்வாசி ஈரோடு, திருப்பூர் சுத்து வட்டாரத்துல கிராமக் கிளைகள்லயே லோன் செக்சன் பாத்தேன், இப்ப ரிட்டயர் ஆகி உங்களாட்ட வீட்டுல இருந்து தொழில் பண்ற பொம்பளைகளுக்கு கணக்கு எழுதிக் குடுத்துட்டு இருக்கேன். சர்வீஸ்ல இருந்தப்ப ஒருக்கா, சென்னிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு லோன் இன்ஸ்பெக்சன் போனேன். கட்டுத்தரைக்குப் பக்கத்துல சிமெண்டு அட்டை போட்ட சாளை, உள்ள செக்கு மிஷின், மேல நீலக்கலர் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, தார்ப்பாய் மேல கோழி அடைஞ்ச கழிவு. வாங்கி ஒன்றரை வருசம்தான் ஆச்சு. அந்தம்மா மாடு கறந்து பால் ஊத்துன காசுல தவணை கட்டிட்டு இருந்தாங்க. "ஓட்டலீங்களா"ன்னு கேட்டேன், "ஓட்டுனா எண்ணெய் வருதுங்க, எண்ணெய் யாருக்கு விக்கறதுங்க"ன்னாங்க. அந்த லோன் ஃபைல்ல சிபாரிசு பண்ணி கையெழுத்துப் போட்டது நான்தான். மிஷின் கொட்டேசன், கரண்டு, எடம், ஆதார், எல்லாம் கேட்டு வாங்குனவ, யாருக்கு விப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்பறம் சின்ன லோன் கேட்டு யார் வந்தாலும் நான் கேட்ட மொதக் கேள்வி அதுதான். உங்க கடிதத்துலயும் மிஷின் வெலை இருக்குது, மானியம் இருக்குது, லாபம் இருக்குது, வாங்கற ஆள் ஒருத்தரும் இல்லீங்க.

செக்குக் கணக்க ஒட்டுக்கா உக்காந்து போட்டுப் பாக்கலாம், ஒரு பேப்பர் எடுத்துக்குங்க. நான் போடற வெலை எல்லாம் ஒரு பேச்சுக்கு, உங்க ஊருல இன்னிக்கு என்ன வெலையோ அத மாத்திப் போட்டுக்குங்க. 100 கிலோ கல்லக்கா (நெலக்கடலை) பருப்பு செக்குல ஆட்டுனா பருப்பப் பொறுத்து 40-ல இருந்து 45 லிட்டர் வரைக்கும் எண்ணெய் காணும், நாம 42-ன்னு வெச்சுக்கலாம். பருப்பு கிலோ 130-ன்னா 13,000. புண்ணாக்கு ஒரு 55 கிலோ கிலோ 40-க்குப் போச்சுன்னா 2,200 திரும்பி வரும், மீதி 10,800. வெளிய ஒரு செக்குல கிலோவுக்கு 15 ரூவா ஆட்டுக்கூலின்னா 1,500 சேத்தி 12,300. 42-ஆல வகுத்தா லிட்டருக்கு 293, பாட்டிலு லேபிலு 12 ரூவா, ஆக ஒரு லிட்டருக்கு முட்டுவழியே (அடக்கமே) 305 ரூவா. 340-க்கு வித்தீங்கன்னா கையில நிக்கறது 35.

இதுல மிஷின் சொந்தமா வந்தா என்ன மாறும்னு பாருங்க. பருப்பு வெலை மாறாது, பாட்டில் மாறாது, புண்ணாக்கு வெலை மாறாது. உங்களுக்கு மிச்சம் ஆகறது அந்த ஆட்டுக்கூலி 15 ரூவா மட்டும்தான். அதுலயும் கரண்டு, தேய்மானம், ரிப்பேருன்னு 5 ரூவா போயிரும், மிச்சம் கிலோவுக்கு 10. 2,80,000 ரூவாயும் 11 சதவீத வட்டில அஞ்சு வருசக் கடனா எடுத்தா மாசத் தவணை கிட்டத்தட்ட 6,100. அப்ப தவணை கட்டறதுக்கோசரம் மட்டுமே நீங்க மாசம் 610 கிலோ பருப்பு ஆட்டோணும், அதாவது 250 லிட்டருக்கு மேல விக்கோணும், அதுக்குப் பருப்பு வாங்கவே மாசா மாசம் 79,000 ரூவா பொரளோணும். இதுவரைக்கும் மிஷினால உங்களுக்குன்னு ஒரு பைசா வரல, தவணைதான் கட்டியிருக்கீங்க. அவரு சொல்ற 40,000 நிக்கோணும்னா 800 லிட்டர் பக்கம் விக்கோணும் அம்மிணி, ரெண்டு டன்னுக்குக் கிட்டத்தட்ட பருப்பு. உங்க ஊருல எத்தனை வீடு, எத்தனை பேரு மாசம் ரெண்டு லிட்டர் செக்கெண்ணெய் வாங்குவாங்கன்னு விரல்ல எண்ணிப் பாருங்க.

அடுத்தவங்களுக்கு கூலிக்கு ஆட்டிக் குடுத்தா வருமானம்தானேன்னு தோணும். வருமானம்தான், காங்கேயம், முத்தூர் ரோட்டுல ஏற்கனவே எத்தனை செக்கு போர்டு தொங்குதுன்னு ஒருக்கா பஸ்ஸுல போகையில பாத்துட்டு வாங்க. அப்பறம் பருப்பு வருசம் பூரா ஒரே வெலையில கெடைக்காது, மானாவாரிக்காடு ஐப்பசி சுமாருக்கு வெட்டுவாங்க, எறவைக்காடு சித்திரை வாக்குல, அப்ப வாங்கி இருப்பு வெக்கறவங்கதான் எண்ணெயில காசு பாக்கறவங்க. சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல எள்ளும் கல்லக்காயும் ஏலம் போறப்ப மூட்டை மூட்டையா எடுக்கறவங்களோட போட்டி போட உங்க 40,000 பத்தாதுங்க.

இன்னொண்ணு, இதத்தான் நான் நெம்ப முக்கியமா நெனைக்கறேன். 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டதுல இருந்து திருப்பூர்ல எத்தனை பேருக்கு ஷிப்டு கொறைஞ்சதுன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல, உங்க வீட்டுலயே தெரியுது. உங்க ஊருல உங்க வீட்டாட்ட எத்தனை வீடு இருக்கும்? சனிக்கிழமை சம்பளம் பாதியாப் போன வீட்டுல எதை நிறுத்துவாங்க, 340 ரூவா எண்ணெயத்தான் நிறுத்துவாங்க, ரேஷன்ல 25 ரூவாய்க்கு பாமாயில் பாக்கெட் குடுக்கறாங்க. ஆனா சோறு திங்காம இருக்க மாட்டாங்க. கொழம்பு வெக்க காய் வாங்க முடியாத அன்னிக்கு சோத்துல கொள்ளுப்பொடி போட்டு ஒரு சொட்டு எண்ணெய் ஊத்திப் பெசைஞ்சு திங்கறது நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் உண்டு. 2011-ல சாயப்பட்டறைகள மூடுனப்பவும், 2016-ல நோட்டு செல்லாதுன்னப்பவும், 2020 கொரோனாவுலயும் நான் கிளையில உக்காந்து பாத்தது இதுதான், பெரிய முதல் போட்டவங்க தவணை கட்ட முடியாம வந்து நிப்பாங்க, 10 ரூவா 20 ரூவா சாமான் வித்தவங்க சில்லறைய எண்ணி மடில கட்டிட்டு வந்து ஆர்டி கட்டிட்டுப் போவாங்க.

மானியத்தப் பத்தி ஒரு விசயம். மிஷின் விக்கறவரு சொல்றது பிஎம்இஜிபி, புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு பேங்க் கடனோட மானியம் குடுக்கற மத்திய அரசுத் திட்டம், 2008-ல இருந்து இருக்குது, கிராமத்துப் பொம்பளைகளுக்கு 35 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டாப் போதும், அதெல்லாம் நெசம்தான். ஆனா அந்த 35 சதவீதம் உங்க கையில வராது. பேங்க்ல உங்க பேர்ல மூணு வருசம் டெபாசிட்டா நிக்கும், அந்தப் பங்குக்கு வட்டி இல்ல அவ்வளவுதான், தொழில் நடந்துட்டு இருக்குதுன்னு வந்து பாத்து உறுதி ஆனதுக்கப்பறம்தான் கடன்ல கழிப்பாங்க. நடுவுல தொழிலை மூடிட்டீங்கன்னா மானியம் திரும்பிப் போயிரும், கடன் உங்க தலை மேல நிக்கும். திட்டம் நல்ல திட்டம், வியாபாரம் ஏற்கனவே ஓடிட்டு இருக்கறவங்களுக்கு அது நெம்ப ஒத்தாசை. மானியம் வருதேன்னு தொழில் தேடறவங்களுக்கு அது கண்ணி.

சரி பொடிக்கு வர்றேன். அஞ்சு கிலோ கொள்ளு ஒரு போடுன்னு வெச்சுக்குவோம். கொள்ளு 450 ரூவா, வரமிளகாய் 150, பூண்டு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு எல்லாம் சேந்து 200. அரவைக்கூலி 60, கேஸ் 90. கவரும் லேபிலும் பாக்கெட்டுக்கு மூன்றரை ரூவான்னு 54 பாக்கெட்டுக்கு 189. எல்லாம் கூட்டுனா 1,139 வருது. இங்கதான் எல்லாரும் நிறுத்திருவாங்க. நிறுத்தாதீங்க. வறுக்க, அரைக்க, பாக்கெட் போட அஞ்சு மணி நேரம், உங்க ஊருல காட்டு வேலைக்குப் போனா மணிக்கு 50 கெடைக்கும்னா உங்க கூலி 250. பெட்ரோல் 60. கிழிஞ்சது, ருசி பாக்கக் குடுத்தது 51. ஆக 1,500. 54-ஆல வகுங்க, 100 கிராம் பாக்கெட் 28 ரூவாய்க்கு அடங்குது. நேரா 45-க்கு வித்தா 17 நிக்கும். மளிகைக் கடைல வெச்சா அவரு அஞ்சுல ஒரு பங்கு எடுத்துக்குவாரு, உங்களுக்கு 36 வரும், 8 நிக்கும்.

வாரத்துக்கு நேரா 40 பாக்கெட், கடைல 60 பாக்கெட் விக்க முடிஞ்சா 680-ம் 480-ம் 1,160, உங்க கூலி ஒரு 460 சேத்துனா வாரம் 1,600 பக்கம். மொத மாசமே இது வராதுங்க, மூணு நாலு மாசம் ஆகும். உங்க வீட்டுக்காரருக்கு கொறைஞ்சது வாரம் 2,000, அதுல முக்கால் பங்குக்கு மேல பொடி ஈடு கட்டும்னா அது தொழில்தான் அம்மிணி, சந்தேகமே வேண்டாம்.

அந்த 8,000 எதுக்குன்னு கேட்டா, ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு சீலிங் மிஷின், கனமான ஒரு இரும்பு வடச்சட்டி, மூடி நல்லா இறுகற ரெண்டு எவர்சில்வர் டப்பா, லேபிள் அச்சடிக்க, மொத ரெண்டு போட்டுக்கு சாமான், அவ்வளவுதான். மீதி 32,000 தொழில் முதல் இல்லைங்க, அது உங்க வீட்டுப் பாதுகாப்பு. வாரம் 2,000 துண்டு விழுதுன்னா மூணு மாசத்துக்கு 26,000 ஆச்சு, அதத் தாங்கத்தான் அந்தப் பணம். அது கையில இருந்தாத்தான் வாரக் குழுக்காரங்க வர்ற அன்னிக்கு பொடி வித்த காசத் தொடாம இருப்பீங்க.

செய்முறை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா வீட்டுக்குப் பண்றதும் விக்கறதுக்குப் பண்றதும் வேற. மொதப் போடு பண்றப்ப கொள்ள வறுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறுத்து எழுதுங்க, வறுத்தா எடை இறங்கும், எவ்வளவு இறங்குதுன்னு தெரியாமத்தான் பாதிப் பேரு வெலை தப்பாப் போடறாங்க. பூண்டும் கறிவேப்பிலையும் கையில நொறுக்குனா சத்தம் வர்ற வரைக்கும் காயோணும், ஈரம் துளி இருந்தாலும் 15 நாள்ல காறல் வாடை வந்துரும். அரைச்சு வந்த சூட்டோட கவர்ல போட்டீங்கன்னா உள்ள வேர்த்துக்கும், வெள்ளைத்துணில பரப்பி நல்லா ஆற விட்டுத்தான் போடோணும். அரவை மில்லுக்கு வெடியால மொத ஆளாப் போங்க. உங்களுக்கு முன்னாடி யாராவது மஞ்சளோ மல்லியோ அரைச்சிருந்தா அந்த வாசம் உங்க பொடில ஏறிரும், போதாததுக்கு மில்லுல தங்கற பொடி எடை கணக்கையும் கெடுக்கும். ஒரு பிடி கொள்ள மொதல்ல தனியா விட்டு ஓட்டிட்டு அத மாட்டுக்கு வெச்சுருங்க. ஒவ்வொரு போட்டுலயும் மூணு பாக்கெட்ட விக்காம தேதி எழுதி அலமாரில வெச்சு, 30, 45, 60 நாள் கழிச்சு ஒண்ணொண்ணா பிரிச்சு மோந்து பாத்து சோத்துல போட்டுத் தின்னு பாருங்க. எத்தனை நாள் தாங்குதுன்னு அந்த மூணு பாக்கெட் சொல்றதத்தான் லேபில்ல போடோணும், பக்கத்துக் கடைல இருக்கற கம்பெனி பாக்கெட்டப் பாத்து ஆறு மாசம்னு போட்டுராதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில பண்ற போடு தை மாசத்துப் போட்டாட்டம் தாங்காது.

யாருக்கு விக்கறதுங்கறதுக்கு உங்க வீட்டுலயே பதில் இருக்குது. உங்க வீட்டுக்காரரு கம்பெனிக்குப் போற வேன்ல எத்தனை பேரு? அவருகூட வேலை செய்யற சிங்கர் டைலர், செக்கிங், கைமடிப் பசங்க எத்தனை பேரு தெக்கத்தி ஊர்கள்ல இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க? ரூம்ல சோறு மட்டும் பொங்கிட்டு கொழம்புக்கு முழிக்கற பசங்க, அவங்களுக்குப் பொடியாட்ட வசதி வேற என்ன இருக்குது. அவங்களுக்கும் கையில காசு கம்மிதான், அதனால 45 ரூவா பாக்கெட்ட நீட்டாதீங்க, 20 கிராம் 10 ரூவா பாக்கெட் போடுங்க. அதோட அடக்கம் 6 ரூவாய்க்கு சித்த மேல வரும், 4 ரூவா பக்கம் நிக்கும். மொத வாரம் 50 சின்னப் பாக்கெட் வேன்லயும் ரூம்லயும் விக்கட்டும், ரெண்டாவது வாரம் அதே ஆளுக எத்தனை பேரு கேட்டு வாங்கறாங்கன்னு எண்ணுங்க. மொத வாரம் உங்க மொகத்துக்கோசரம் வாங்குவாங்க, ரெண்டாவது வாரம் வாங்கறதுதான் கணக்கு. 50-ல 20 பேரு திரும்பக் கேட்டா தைரியமா அடுத்த போடு போடுங்க, அஞ்சு பேருதான் கேட்டாங்கன்னா என்ன கொறைன்னு கேட்டு மாத்துங்க, உப்பா, காரமா, பொடி நெறைய நைசா இருக்குதான்னு.

மளிகைக் கடைக்கு 10 பாக்கெட்டுக்கு மேல வெக்காதீங்க. அடுத்த வாரம் போறப்ப மீதிய எண்ணி வித்ததுக்குக் காசு வாங்கிட்டு புதுசு வைங்க, பழசு இருந்தா எடுத்துட்டு வந்துருங்க. "அடுத்த தடவ சேத்தித் தர்றேன்"னு ரெண்டு வாரம் சொன்ன கடைல மூணாவது வாரம் வெக்காதீங்க, சண்டை போட வேண்டாம், சரக்கு தீந்து போச்சுங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க. அப்பறம் உழவர் சந்தையப் பத்தி யாராவது சொன்னா, அது அடையாள அட்டை இருக்கற விவசாயிக காய்கறி விக்கற எடம், பொடிக்கு ஆகாது, நம்ம வாரச் சந்தைல ஒரு சாக்கு விரிச்சு உக்காரலாம்.

கடன் சங்கதி. இதுலதான் நம்ம ஊருப் பொம்பளைக தொழில் சாகுது, ருசி இல்லாம சாகறது கம்மி. ஒறம்பரைக்குக் குடுத்தா காசு கேக்க முடியாது, பக்கத்து வீட்டக்கா "எழுதிக்க அம்மிணி"ம்பாங்க. எங்கம்மா ஊத்துக்குளிப் பக்கம் ஒரு ஊருல மோரு, வெண்ணெய் வித்தவங்க. சமையக்கட்டு செவுத்துல யாரு எத்தனை படி வாங்கினாங்கன்னு கரிக்கட்டைல கோடு போட்டு வெச்சிருப்பாங்க, பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப பாதிக் கோடு வசூலாகாமலே சுண்ணாம்புக்கு அடியில போயிரும். அத நான் வருசா வருசம் பாத்து வளந்தவ. நீங்க மொத நாளே ஒரு பேச்சு வெச்சுக்குங்க, "இது குழு காசுங்க்கா, சனிக்கிழமை நான் கட்டோணும்"னு. அது பொய்யும் இல்ல, வாரம் 750 நீங்க கட்டத்தானே போறீங்க. ஒறம்பரைக்குக் குடுக்கணும்னு ஆசையா இருந்தா சும்மாவே ஒரு பாக்கெட் குடுங்க, குடுத்தத நோட்டுல 28 ரூவா செலவுன்னு எழுதிருங்க. கடன்னு மட்டும் எழுதாதீங்க.

காசுக்கு ரெண்டு டப்பா. பொடிக் காசு ஒரு டப்பா, வீட்டுக் காசு ஒரு டப்பா. சனிக்கிழமை ராத்திரி பொடி டப்பாவுல இருந்து உங்க கூலிய மட்டும் எடுத்து வீட்டு டப்பாவுல போடுங்க, லாபத்த மொத ஆறு மாசம் தொடாதீங்க. வீட்டுல பொடி தீந்து போய் விக்கற பொடில ஒரு கரண்டி எடுத்தாலும் எழுதுங்க. பேங்க்ல உங்க பேருக்கு தனியா ஒரு கணக்கு வெச்சு, ஜிபே க்யூஆர் அந்தக் கணக்குக்கே வாங்குங்க, வீட்டுக்காரர் நெம்பருக்கு வந்தா அது எங்க போச்சுன்னே தெரியாது. அவரு மேல சந்தேகப்பட்டுச் சொல்லல, ஒரு வருசம் அந்தப் பாஸ்புக்குல வரவு தெரிஞ்சா நாளைக்கு மேனேஜருகிட்ட நீங்க பேச வேண்டியதில்ல, பாஸ்புக்கே பேசும்.

பேப்பர் வேலை ரொம்ப இல்லீங்க. திங்கற சாமான் விக்கறதால உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், எஃப்எஸ்எஸ்ஏஐ. உங்க அளவுக்கு லைசென்ஸ் வேண்டாம், சாதாரணப் பதிவு போதும், நான் எடுத்துக் குடுத்ததுக எல்லாம் வருசத்துக்கு 100 ரூவா கட்டணம்தான். ஆதார், போட்டோ, வீட்டு வரி ரசீதோ ஈபி பில்லோ இருந்தா இ-சேவைல போட்டுக் குடுப்பாங்க, 14 இலக்கத்துல நெம்பர் வரும். லேபில்ல அந்த நெம்பர், பொடி பேரு, என்னென்ன சேத்தியிருக்குது (அதிகமா இருக்கறது மொதல்ல), எடை, எம்ஆர்பி, பாக்கெட் போட்ட தேதி, எதுவரைக்கும் நல்லாருக்கும், உங்க முகவரி, போன் நெம்பர், பச்சைப் புள்ளி. தராசு முத்திரை வெச்சதா இருக்கோணும், வருசம் ஒருக்கா புதுப்பிக்கோணும். பாக்கெட் போட்டு விக்கறவங்க எடையளவு 2011 விதிப்படி தொழிலாளர் துறைல ஒரு பதிவு பண்ணோணும், அது 500 ரூவா. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலைல இருந்து ஆதார் வெச்சே ஆன்லைன்ல பண்றது, முழுக்க இலவசம், அதுக்கு 2,000 குடு 3,000 குடுன்னு யாராவது கேட்டா குடுக்காதீங்க. ஜிஎஸ்டி நம்ம மாநிலத்துக்குள்ளயே சரக்கு விக்கறவங்களுக்கு வருசம் 40 லட்சம் தாண்டுனாத்தான், இப்பத்திக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

பின்னால பணம் தேவைப்பட்டாலும் நகை கடைசிதான். சின்னத் தொழிலுக்கு பேங்க்ல குடுக்கற முத்ரா திட்டத்துல சிசு கடன் 50,000 வரைக்கும், அடமானம் கேக்கக் கூடாது. உங்க ஊரு மகளிர் சுய உதவிக் குழுவுல (வாரா வாரம் வசூல் பண்ற மைக்ரோ ஃபைனான்ஸ் வாரக் குழு இல்ல, அது வேற இது வேற) நீங்க உறுப்பினரா இருந்தா பேங்க் கடன் கம்மி வட்டில வரும், குழுப் பொருள விக்கற மதி அங்காடியிலயும் எடம் கேக்கலாம். வாரக் குழுவுல இன்னொரு கடன் தர்றேன்னு வருவாங்க, இப்ப வாங்காதீங்க. குடும்ப வருமானத்துல பாதிக்கு மேல தவணை போகக் கூடாதுன்னு 2022-லயே ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்குது, 2,500 வர்ற வாரத்துல 750 ஏற்கனவே போகுது உங்களுக்கு. மாவட்டத்துக்கு ஒரு ஆர்செட்டி பயிற்சி மையம் இருக்குது, பேங்க் நடத்தறது, சாப்பாடு போட்டு இலவசமாச் சொல்லித் தருவாங்க, பொடி, மசாலா வகுப்பு எப்பன்னு கேட்டு பேரு குடுத்து வைங்க.

செக்கெண்ணெய் ஆசைய விட வேண்டாம். பொடி வாங்கறவங்க "எண்ணெயும் இருக்குதா"ன்னு கேக்க ஆரம்பிப்பாங்க, கேட்டா 20 கிலோ பருப்பு வாங்கி வெளிச் செக்குல ஆட்டி பாட்டில்ல அடைச்சு லேபிள் ஒட்டிக் குடுங்க. கேன்ல இருந்து சில்லறையா ஊத்திக் குடுக்கறது சட்டப்படி கூடாது. ஆறு மாசம் தொடர்ந்து மாசம் 300 லிட்டர் போச்சுன்னா அந்த நோட்ட எடுத்துட்டு வாங்க, அப்ப மிஷினுக்கு, கரண்டு இணைப்புக்கு, மானியத்துக்கு நானே உக்காந்து அப்ளிகேசன் எழுதித் தர்றேன்.

மாமியா சொன்னத நீங்க கடைசில எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் மனசுல நின்னது. அவங்க காலத்துல வீட்டுப் பொம்பளை சந்தைல உக்காந்தா ஊரு ஒரு மாதிரி பேசியிருக்கும், அந்தப் பயத்துல சொல்றாங்க, கோவிச்சுக்காதீங்க. உங்க கைப்பக்குவம் எங்க இருந்து வந்தது, அவங்ககிட்ட இருந்துதானே? மொதப் போடு வறுக்கற அன்னிக்கு அவங்கள வடச்சட்டிகிட்ட உக்கார வெச்சு, "அத்தே, கொள்ளு பதம் எனக்குப் பிடிபடல, நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னு கரண்டிய கையில குடுங்க. வறுத்து முடிச்சதும் அவங்க நேரத்தையும் நோட்டுல எழுதி, மணிக்கு 50-ன்னு சனிக்கிழமை ராத்திரி அவங்க கையிலயே குடுத்துருங்க. அவங்க கூலியயும் சேத்தா பாக்கெட்டோட அடக்கம் 28-ல இருந்து ஒண்ணு ரெண்டு ரூவா ஏறும், அதயும் போட்டே வெலை வைங்க.